லீக்ஸ் மூட்டையும் வெள்ளை அட்டையும்

சென்ற வாரம் ஹட்டனிலிருந்து ஒரு வாசகர் தொலைபேசியில் அழைத்தார். மரக்கறி மொத்த வியாபாரம் செய்பவர். கந்தப்பளை, மீப்பிலிமான பக்கங்களில் வாங்கி, கொழும்பில் இரண்டு ஹோட்டல்களுக்கும் ஒரு சுப்பர் மார்க்கட்டுக்கும் அனுப்புகிறார். "நானா, மரக்கறியில மருந்து இருக்கா இல்லையான்டு கால் மணித்தியாலத்தில காட்டுற அட்டை ஒன்டு விக்கிறாங்க. ஹோட்டல்காரங்களும் இப்ப கேக்கத் தொடங்கிட்டாங்க. வாங்கலாமா?" என்பது அவருடைய கேள்வி.

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. காரணம், இதே மாதிரி அட்டை ஒன்றை எங்கள் குடும்பத்துக்குள் கொண்டு வந்தவன் நானே. அதனால் ஒரு விவசாயியின் ஒரு நாள் உழைப்பு அல்ல, ஒரு போகத்தின் விளைச்சல் பாதி விலைக்குப் போனது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு விடயத்துக்கு வருகிறேன்.

எனது மச்சான் ஒருவருக்கு நுவரெலியாவில் மரக்கறி ஸ்டோர் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன், அவரிடம் வாங்கும் ஹோட்டல் ஒன்று, "பீடைநாசினி இல்லை என்பதற்கு ஏதாவது அத்தாட்சி தாருங்கள்" என்று கேட்டது. ஆய்வுகூட அறிக்கை எடுப்பதென்றால் ஒரு மாதிரிக்குப் பல ஆயிரம் ரூபாய். அறிக்கை கைக்கு வரும்போது மரக்கறி சமைத்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவியாகிவிடும். கொழும்பில் நான் விசாரித்தபோது இந்த அட்டைகள் கிடைத்தன. ஒரு சோதனைக்குச் சில நூறு ரூபாய்தான். ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். உள்ளே இருந்த தாளின் ஒரு பக்கம் சீனமொழி, மறுபக்கம் அரைகுறை ஆங்கிலம். அதை அவசரமாக வாசித்து, மச்சானுக்கு விளங்கப்படுத்தியதும் நானே.

ஜனவரி மாதம். புல்லின்மேல் வெண்பனி படியும் காலம். அதிகாலை ஐந்து மணிக்கு லொறிக்கு ஏற்றும் நேரம். கந்தப்பளையிலிருந்து ஒருவர் 18 மூட்டை லீக்ஸ் கொண்டுவந்தார். தோட்ட லயத்தில் பிறந்து, இன்று குத்தகைக்கு நிலம் எடுத்து மரக்கறி செய்பவர். மச்சான் ஒரு தண்டை எடுத்து நறுக்கி, கரைசலில் குலுக்கி, அட்டையில் மூன்று சொட்டு விட்டார். நீலமாக மாறவேண்டிய பொட்டு வெள்ளையாகவே நின்றது. வெள்ளை என்றால் மருந்து இருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு அட்டை போட்டார். அதுவும் வெள்ளை.

"மொதலாளி, பதினெட்டு நாளா மருந்தே அடிக்கல. என் புள்ளைங்க திங்கிறதும் இதே லீக்ஸ்தான்" என்றார் அவர்.

"நான் என்ன செய்ற? அட்டை இப்படிக் காட்டுது. ஹோட்டலுக்குப் பதில் சொல்றது நானெல்லோ" என்றார் மச்சான்.

மூட்டைகள் திரும்பிப் போயின. "அந்த ஸ்டோரில் மருந்து பிடிபட்ட லீக்ஸ்" என்ற பேச்சு சந்தைக்குள் லொறியைவிட வேகமாகப் போய்விட்டது. பகல் பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் வேறொருவர் பாதிக்கும் குறைந்த விலைக்கு எடுத்தார். மாதிரிக்காகப் பிடித்து வைத்த இரண்டு கிலோ லீக்ஸை நான் கொழும்புக்குக் கொண்டுபோய் ஒரு ஆய்வுகூடத்தில் கொடுத்தேன். பதினொரு நாள் கழித்து அறிக்கை வந்தது. எல்லையை மீறிய எச்சம் எதுவும் இல்லை. அந்த மனிதர் சொன்னது உண்மை. அட்டை சொன்னதுதான் பொய்.

மச்சான் அவரைத் தேடிப்போய் விலை வித்தியாசத்தைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டார். ஆனால் அதன் பிறகு எங்கள் ஸ்டோருக்கு அவர் லீக்ஸ் கொண்டுவரவில்லை.

அட்டைக்குள் என்ன நடக்கிறது?

பழுதான அட்டை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு இதன் வரலாற்றையும் செயல்முறையையும் தேடி வாசித்தபோதுதான், பழுது அட்டையில் இல்லை, எங்கள் கையில் இருந்தது என்று விளங்கியது.

நமது நரம்புகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப அசற்றைல்கோலின் என்ற பொருளைப் பயன்படுத்துகின்றன. செய்தி போய்ச் சேர்ந்ததும் அதை உடனே உடைத்து அப்புறப்படுத்த ஒரு நொதியம் இருக்கிறது. அதன் பெயர் கோலினெஸ்தரேஸ். மலதியன், டயசினன், குளோர்பைரிபொஸ் போன்ற ஒர்கனோபொஸ்பேட் வகை மருந்துகளும், காபோபியூரான், காபரில் போன்ற காபமேட் வகை மருந்துகளும் இந்த நொதியத்தின் வாயைக் கட்டிவிடுகின்றன. செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. பூச்சி துடித்துச் சாகிறது. தெளிப்பவரின் உடம்பில் அதிகமாகப் போனால் அவருக்கும் அதே கதிதான். வியர்வை, வாயில் நீர், கண்பாவை சுருங்குதல், மூச்சுத் திணறல் எல்லாம் இதனால் வருபவை.

இந்தப் பலவீனத்தையே சோதனையாக மாற்றியிருக்கிறார்கள். அட்டையில் இரண்டு பொட்டுகள். வெள்ளைப் பொட்டில் நொதியம் காய வைக்கப்பட்டிருக்கிறது. சிவப்புப் பொட்டில் அந்த நொதியம் உடைத்தால் நீலமாக மாறும் ஒரு பொருள் இருக்கிறது. மரக்கறியின் சாற்றை வெள்ளைப் பொட்டில் விட்டு, பத்து நிமிடம் பொறுத்து, அட்டையை மடித்து இரண்டு பொட்டுகளையும் மூன்று நிமிடம் ஒட்ட வைக்க வேண்டும். நொதியம் உயிரோடு இருந்தால் நீலம் வரும். மருந்து அதன் வாயைக் கட்டியிருந்தால் வெள்ளையாகவே நிற்கும். அவ்வளவுதான் சூட்சுமம். கையடக்கக் கருவியோடு வரும் சோதனையிலும் இதே நொதியம்தான். நிறத்தைக் கண்ணுக்குப் பதிலாகக் கருவி அளக்கிறது, நூற்றுக்கு எத்தனை வீதம் நொதியம் முடங்கியது என்று எண்ணில் காட்டுகிறது.

யோசனை புதியதல்ல. தாய்வானின் விவசாய ஆராய்ச்சி நிறுவனம் 1985 அளவில் வீட்டு ஈயிலிருந்து எடுத்த நொதியத்தை வைத்து இத்தகைய துரித சோதனையை உருவாக்கியது. மொத்தச் சந்தைகளிலும் விவசாயிகள் சங்கங்களிலும், பொருள் விற்பனைக்குப் போகுமுன் சோதிக்கும் நிலையங்கள் அமைந்தன. தாய்லாந்தின் மருத்துவ விஞ்ஞானத் திணைக்களத்தில் உருவான 'ஜிடி' சோதனைப் பெட்டி அந்நாட்டுச் சந்தைகளில் பரவலாகப் பயன்படுகிறது. சீனா 2003 இல் அட்டை முறையைத் தேசிய நியமமாகவே எழுதி வெளியிட்டது. இன்று நம் நாட்டுக்கு வரும் அட்டைகளில் பெரும்பாலானவை அந்தச் சீன நியமத்தின் பிள்ளைகள்.

அந்த நியமத்தை வாசித்தபோதுதான் எனக்கு முகம் சுருங்கியது. இரண்டு விடயங்கள் அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தன.

ஒன்று, வெப்பநிலை. இந்த நொதியம் 37 பாகை செல்சியஸில், அதாவது நம் உடம்புச் சூட்டில்தான் ஒழுங்காக வேலை செய்யும். குளிரில் மந்தமாகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் மரக்கறிச் சாறு இல்லாமல் வெறும் கரைசலை மட்டும் விட்ட ஒப்பீட்டு அட்டை ஒன்றையும் பக்கத்தில் போட வேண்டும் என்கிறார்கள். அந்த வெற்று அட்டையும் நீலமாகாவிட்டால், குற்றம் மரக்கறியில் இல்லை, குளிரில். நுவரெலியாவில் ஜனவரி அதிகாலையில், பத்துப் பாகைக்கும் கீழே, கதவு திறந்த ஸ்டோரில், ஒப்பீட்டு அட்டை இல்லாமல் நாங்கள் சோதித்தோம். அன்று கிணற்றுத் தண்ணீரை விட்டிருந்தாலும் அட்டை வெள்ளையாகவே நின்றிருக்கக்கூடும். ஒரு அட்டையின் காசை மிச்சம் பிடிக்க நினைத்ததால் வந்த வினை.

இரண்டாவது இன்னும் மோசம். வெங்காயம், உள்ளி, லீக்ஸ், முள்ளங்கி, செலரி, காளான், தக்காளிச் சாறு ஆகியவற்றில் இயற்கையாகவே இந்த நொதியத்தைக் குழப்பும் பொருட்கள் இருக்கின்றன, இவற்றை நறுக்கிச் சோதிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. வெங்காயத்தை வெட்டினால் கண் எரிவதும், லீக்ஸின் மணமும் அந்த வகைப் பொருட்களால்தான். செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் சொந்த மருந்து என்றும் சொல்லலாம். அதை நாங்கள் விவசாயி அடித்த மருந்து என்று படித்துவிட்டோம்.

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். லீக்ஸ், முள்ளங்கி. நுவரெலியா லொறிகளில் எது போகிறதோ அதுவே இந்தப் பட்டியலில் இருக்கிறது. தாழ்நிலத்துக் கீரைக்கும் கோவாவுக்கும் ஏற்ற ஒரு கருவியை மலைக்குக் கொண்டுவந்து, அதற்கு ஆகவே ஆகாத மரக்கறியிலும், அதற்கு ஆகவே ஆகாத நேரத்திலும் பயன்படுத்தியிருக்கிறோம்.

இதற்கு மாற்று வழி இருக்கிறது. இவற்றை நறுக்காமல் முழுதாகவே கரைசலில் நனைத்து, மேற்பரப்பில் உள்ளதை மட்டும் கழுவி எடுத்துச் சோதிக்க வேண்டும். அப்படிச் செய்தால் லீக்ஸின் சொந்தச் சாறு குறைவாகவே வரும். ஆனால் செடிக்குள் ஊடுருவிய மருந்து இதில் சரியாகப் பிடிபடாது என்பதையும் மறக்கக் கூடாது.

அட்டை காணாதவை

பொய்யாக வெள்ளை காட்டுவது விவசாயியை அடிக்கிறது. பொய்யாக நீலம் காட்டுவது வாங்குபவரை அடிக்கிறது. இதைப் பற்றி விற்பவர்கள் பேசுவதே இல்லை.

மேலே சொன்ன இரண்டு வகை மருந்துகளை மட்டுமே இந்த நொதியம் அறியும். பைரெத்ரொயிட் வகை, இமிடாகுளோபிரிட் போன்ற நியோனிகோட்டினொயிட் வகை, அபமெக்டின் ஆகியவை பூச்சியை வேறு வழியில் கொல்பவை. அவை எவ்வளவு இருந்தாலும் அட்டை அழகாக நீலமாகும். உருளைக்கிழங்குக் கருகல் நோய்க்கு மலையகத்தில் அடிக்கப்படும் மான்கோசெப் என்ற பூஞ்சண மருந்தும் அப்படியே. அதன் இரசாயனக் குடும்பப் பெயர் 'டைதயோகாபமேட்' என்பதால் அட்டை அதையும் பிடிக்கும் என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி என்னிடம் வாதாடினார். பெயரில்தான் உறவு; நொதியத்தை அது அந்த விதமாக முடக்குவதில்லை. தாய்வான்காரர்கள் இதை ஆரம்பத்திலேயே அறிந்திருந்தார்கள். அதனால்தான் தங்கள் சோதனையில் ஈயின் நொதியத்தோடு நிற்காமல், இந்த வகைப் பூஞ்சண மருந்துகளுக்காக ஒரு பக்டீரியாவையும் தனியாகச் சேர்த்தார்கள். நமக்கு வரும் மலிவு அட்டையில் அந்தப் பாதி இல்லை.

இதில் இலங்கைக்கே உரிய ஒரு முரண்பாடும் இருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் நாம் மிக நச்சான மருந்துகளை ஒவ்வொன்றாக அகற்றி வந்திருக்கிறோம். மெதமிடோபொஸ், மொனோகுரோட்டோபொஸ் 1995 இல் போயின. டைமெதோயேட், பென்தியன் 2008 க்கும் 2011 க்கும் இடையில் போயின. மருந்து குடித்து உயிர்விடுபவர்களின் தொகையைக் குறைப்பதே முக்கிய நோக்கம். அது பெருமளவு நிறைவேறியது, உலகமே பாராட்டிய விடயம். ஆனால் அகற்றப்பட்ட இந்த நான்கும் அட்டை நன்றாக அறிந்த ஒர்கனோபொஸ்பேட் வகை. அவை குறையக் குறைய, அட்டைக்குத் தெரியாதவை வயலில் கூடுகின்றன. திருடன் வழியை மாற்றிக்கொண்டான். காவலாளி பழைய வாசலிலேயே நிற்கிறான்.

அடுத்தது அளவு. சீன நியமத்தின்படி இந்த அட்டை டைகுளோர்வொஸ் மருந்தை ஒரு கிலோவில் 0.3 மில்லிகிராம் இருந்தால் பிடிக்கும். காபோபியூரான் என்றால் 0.5, டைமெதோயேட் என்றால் 1.3, அசிபேட் என்றால் 3.5 மில்லிகிராம் தேவை. ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் தனியாக எல்லை நிர்ணயிக்காத மருந்துகளுக்கு வைத்திருக்கும் பொது எல்லை ஒரு கிலோவில் 0.01 மில்லிகிராம். ஆக, அட்டை நீலமாக இருந்தாலும் எல்லையைவிட முப்பது மடங்கு, முன்னூறு மடங்கு மருந்து இருக்க இடமுண்டு. "அட்டையில் பார்த்தோம், ஒன்றும் இல்லை" என்று வெளிநாட்டு வாங்குநருக்கு எழுதிக் கொடுக்கும் வியாபாரி கண்ணை மூடிக்கொண்டு கையொப்பம் இடுகிறார்.

தேயிலைக்காரர்கள் கவனத்துக்கு

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தேயிலை வாங்கி விற்கும் சகோதரர்கள் சிலரும் இந்த அட்டையை விசாரித்ததாக அறிகிறேன். அவர்களுக்கு நேரடியாகவே சொல்கிறேன்: வேண்டாம்.

தேயிலையின் கதை நமக்குத் தெரியும். 2015 இல் கிளைபோசேட் களைநாசினி நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோய்க்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகமே காரணம். தடை வந்தாலும் களை நிற்கவில்லை. கைக்களை எடுக்க ஆள் போதாத தோட்டங்களில் எம்.சி.பி.ஏ. போன்ற மாற்று மருந்துகள் அடிக்கப்பட்டன. ஜப்பானிலோ, 2006 இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, தனி எல்லை இல்லாத மருந்துக்கு அந்த 0.01 எல்லைதான். எம்.சி.பி.ஏ. எச்சம் தேயிலையில் கண்டுபிடிக்கப்பட்டு, 2018 அளவில் ஜப்பான் சந்தையே நமக்குத் தலைவலியானது. எல்லை தெளிவாக உள்ள ஒரு மருந்தைத் தடுத்து, எல்லையே இல்லாத மருந்தின் பக்கம் தோட்டங்களைத் தள்ளியதன் விளைவு அது என்பதே என் அபிப்பிராயம். 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபோசேட் அனுமதிக்கப்பட்டது. 2021 மே மாதம் எல்லா விவசாய இரசாயனங்களின் இறக்குமதியும் நிறுத்தப்பட்டு, அதே வருடம் நவம்பரில் அந்த முடிவு கைவிடப்பட்டது. 2022 இல் கிளைபோசேட் தடையும் நீங்கியது.

இந்த ஏழு வருட அலைச்சலில் சிக்கலுக்குக் காரணமான கிளைபோசேட், எம்.சி.பி.ஏ. இரண்டுமே களைநாசினிகள். செடியைக் கொல்பவை. கோலினெஸ்தரேஸ் அட்டைக்கு இரண்டும் தெரியாது. அதற்கு மேல், தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான பொலிபீனோல்கள் நொதியத்தைக் குழப்பும். தேயிலைச் சாயம் நிறத்தையும் மறைக்கும். ஆகவே சுத்தமான தேயிலைக்கு வெள்ளையும், களைநாசினி உள்ள தேயிலைக்கு நீலமும் காட்டினாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

கிளைபோசேட்டுக்கென்று தனியான பட்டிகள் வெளிநாடுகளில் விற்கப்படுகின்றன. பெண்கள் கர்ப்பம் பார்க்கும் பட்டி மாதிரி, கோடு வந்தால் ஒரு பதில், வராவிட்டால் மறு பதில். ஆனால் ஒரு பட்டிக்கு ஒரு மருந்துதான். தேயிலைச் சாறு என்றால் முதலில் அதைச் சுத்திகரிக்கவோ ஐதாக்கவோ வேண்டும். ஏற்றுமதித் தேயிலைக்கு நிறைமாலைமானி உள்ள ஆய்வுகூடம்தான் வழி. அங்கே 2003 இல் அறிமுகமான ஒரு பிரித்தெடுப்பு முறையின் புண்ணியத்தால் ஒரே மாதிரியில் நூற்றுக்கணக்கான மருந்துகளைத் தேட முடிகிறது. எந்த மருந்தை எந்த அளவில் அடிக்கலாம், அடித்து எத்தனை நாள் கழித்துக் கொழுந்து பறிக்கலாம் என்பதைத் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் எழுதிக் கொடுக்கிறது. கொழுந்து தருபவரிடம் அந்தக் கணக்கைக் கேட்பது எந்த அட்டையையும்விட மலிவு.

அப்படியானால் எதற்கு உதவும்?

ஹட்டன் வாசகருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். கோவா, போஞ்சி, சலாது இலை, நோக்கோல் போன்றவற்றுக்கு அட்டை பயன்படும். நேற்று மாலை ஒர்கனோபொஸ்பேட் அடித்து இன்று காலை பறித்த கோவாவை அது பிடித்துவிடும். பறித்தலுக்கு முன் விட வேண்டிய நாட்களை விடாமல் விற்பவர்கள்தான் நம் சந்தையின் பெரிய தொல்லை. விலை ஏறும் வாரங்களில் அது கூடும் என்பது ஸ்டோர் வைத்திருக்கும் யாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட அப்பட்டமான கேஸுக்கு 0.01 வேண்டியதில்லை.

ஆனால் வெள்ளை அட்டை தீர்ப்பு அல்ல, சந்தேகம் மட்டுமே. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 பேர் கோவா கொண்டுவருகிறார்கள், அவர்களில் 5 பேருடையது மட்டும் பிழையானது என்று வைப்போம். அட்டை அந்த 5 இல் 4 ஐப் பிடிக்கிறது. நல்ல 95 இல் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 9 ஐத் தவறாகக் காட்டுகிறது. இப்போது கையில் 13 வெள்ளை அட்டைகள். அவற்றில் உண்மையான குற்றவாளிகள் 4 பேர் மட்டுமே. பதின்மூன்று பேரையும் திருப்பி அனுப்பினால் ஒன்பது நேர்மையானவர்களின் வாயில் மண் போடுகிறோம். அடுத்த போகத்தில் அந்த ஒன்பது பேரும் வேறு ஸ்டோர் தேடுவார்கள். அதேநேரம் இந்தக் கணக்கில் ஒரு இலாபமும் இருக்கிறது. நூறு மாதிரிகளை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப எந்த வியாபாரியாலும் முடியாது. பதின்மூன்றை அனுப்பலாம். நாலைந்து ஸ்டோர்க்காரர்கள் சேர்ந்து செலவைப் பகிர்ந்தால் இன்னும் சுலபம்.

மச்சானின் ஸ்டோரில் இப்போது நடப்பது இதுதான். மூட்டை வாங்கும்போதே மருந்தின் பெயரையும் அடித்த திகதியையும் விவசாயியிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுகிறார்கள். முடிந்தால் போத்தல் லேபலை ஃபோனில் படமெடுத்துக் கொண்டுவரச் சொல்கிறார்கள். லேபல் இல்லாத போத்தல் என்றால் அந்த மூட்டை முதலில் சோதனைக்குப் போகும். சோதிக்கும் கோவாவின் கரைசல் போத்தல் வெந்நீர்ப் பாத்திரத்தில் நிற்கும், பக்கத்தில் ஒரு வெப்பமானி. மடித்த அட்டையைப் பையன் சட்டைக்குள் அக்குளில் வைத்துக்கொள்வான். 37 பாகைக்கு அதைவிட மலிவான அடுப்பு கிடையாது. ஒப்பீட்டு அட்டை நீலமாகும்வரை எவரும் முடிவு சொல்வதில்லை. வெள்ளை வந்தால் மறுபடி ஒரு அட்டை. அதுவும் வெள்ளை என்றால் மூட்டையைத் தனியாக வைத்து, விவசாயியைப் பக்கத்தில் அழைத்துப் பேசுவார்கள், சந்தை நடுவில் அல்ல. லீக்ஸும் கரட்டும் அட்டைக்குப் போவதே இல்லை. மாதத்துக்கு ஒரு தடவை ஆய்வுகூடத்துக்குப் போகின்றன.

செலவை மிச்சம் பிடிக்க ஐந்து பேரின் கோவாவை ஒன்றாக நறுக்கிச் சோதிக்கலாமா என்று ஒரு யோசனையும் வந்தது. வேண்டாம் என்றேன். ஏற்கனவே பார்வை மங்கிய கருவி இது. ஒருவருடைய மருந்தை நான்கு பேரின் சுத்தமான கோவாவில் கரைத்தால் அதற்கு ஒன்றும் தெரியாது.

ஹோட்டலுக்குப் போகும் கடிதத்தையும் மாற்றினோம். "பீடைநாசினி அற்றது" என்ற வரியை எடுத்துவிட்டு, இன்ன திகதியில், இன்ன மரக்கறியில், ஒர்கனோபொஸ்பேட், காபமேட் வகைகளுக்கு மட்டும் துரித சோதனை செய்யப்பட்டது என்று எழுதுகிறோம். ஹோட்டல்காரர் முதலில் முகம் சுளித்தார். பிறகு, மற்ற வழங்குநர்கள் தந்த "அற்றது" கடிதங்களை எடுத்துவைத்து அவர்களிடமும் எந்த வகை என்று கேட்கத் தொடங்கினாராம்.

இடையில் இன்னொன்று. இதே நொதியச் சோதனையை மனித இரத்தத்திலும் செய்யலாம். விரல் நுனியில் ஒரு துளி எடுத்து, தெளிப்பவரின் நொதியம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கும் சிறு கருவிகள் உள்ளன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இந்த மருந்துகளைத் தொடர்ந்து கையாளும் தொழிலாளருக்கு இரத்தப் பரிசோதனை 1970 களிலிருந்தே சட்டம். நமது மலையில் கையுறை இல்லாமல், தாங்கியை முதுகில் சுமந்து, பனிக்குள் மருந்தடிப்பவருக்கு அப்படி ஒன்றை யாராவது செய்ததாக நான் கண்டதில்லை. கோவாவுக்குக் கிடைக்கும் கவனம் அவருக்கும் கிடைத்தால் நல்லது.

வாங்குவதென்று தீர்மானித்தவர்கள் விற்பவரிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். எந்த மருந்தை எத்தனை மில்லிகிராமில் பிடிக்கும் என்ற பட்டியல் எழுத்தில் உண்டா? காலாவதித் திகதி என்ன, கொழும்பிலிருந்து வரும்வரை குளிரில் வைத்திருந்தார்களா? நொதியம் உயிருள்ள பொருள் மாதிரி. வெயிலில் நின்ற பார்சலில் அது செத்துப் போயிருந்தால் எல்லா அட்டையும் வெள்ளைதான். ஒப்பீட்டு அட்டைகளையும் கணக்கில் சேர்த்து ஒரு சோதனைக்கு என்ன செலவு வருகிறது? பட்டியல் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

கந்தப்பளை சகோதரர் இப்போதும் லீக்ஸை வேறு ஸ்டோருக்கே கொடுக்கிறார். சென்ற மாதம் மட்டும் ஆறு மூட்டை போஞ்சி எங்களிடம் கொண்டுவந்திருக்கிறார். இறக்கி வைத்துவிட்டு, "அட்டைய எடுங்க மொதலாளி, நானும் நின்னு பாக்குறேன்" என்றாராம். கால் மணித்தியாலம் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். ஒப்பீட்டு அட்டை முதலில் நீலமானது, பிறகு போஞ்சியும்.

விவசாயத் திணைக்களத்தின் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழை மரக்கறிச் செய்கையாளர்கள் பெறுவது எப்படி என்று இருவர் கேட்டிருந்தார்கள். அது அடுத்த வாரம்.